நாவாந்துறைத் தாங்கி, பகல் ஒன்றரை

நூற்றுப் பன்னிரண்டு இரும்புக் கம்பிகள்.
எண்ணாமல் ஏறினால் கால் நடுங்காது என்பார் போர்மன்.
நான் எண்ணித்தான் ஏறுவேன்.
தண்ணீர்த் தாங்கியில் கசிவு எந்தப் பக்கம் என்று பார்த்து
எழுதிக்கொண்டு இறங்க வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.

மேல்தட்டில் கால் வைக்கப் போன் அடித்தது.
அருள்நேசன். இத்தாலியில் காலை பத்து மணி.
"நானும் ஏறிட்டன்" என்று மூச்சு வாங்கினான்.
ஐந்து வருடமாய்க் கோப்பை கழுவும் அந்த மலை நகரத்தில்
இன்றைக்குத்தான் டிக்கெட் எடுத்துக் கோபுரம் ஏறியிருக்கிறான்,
நான் தாங்கி ஏறப் போகிறேன் என்று
காலையில் சொன்னதற்காக.

"எண்ணூறு வருசக் கல்லடி.
படியெல்லாம் நடுவில குழிஞ்சு கிடக்கு, ஆட்டுக்கல்லு மாதிரி."

போனைத் திருப்பினான்.
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் ஓட்டுக் கூரைகள்.
கீழே ஒலிவ் மரங்கள், அதற்கும் கீழே
வெயில் இன்னும் கலைக்காத பனி.
நடுவில் சன்னலே இல்லாத கோபுரங்கள் ஏழோ எட்டோ.
பணக்காரக் குடும்பங்கள் கட்டினதாம்.
ஒருவன் கட்டினால் மற்றவன் அதைவிட ஒரு முழம் கூட.
மேலே நின்று ஆளை ஆள் கல்லால் எறிவார்களாம்.

"எங்கட ஆக்கள் மதிலோட நிண்டுட்டினம்" என்றேன்.
சிரித்தான். சிரிப்பு
அரை வினாடி பிந்தி வந்து சேர்ந்தது.

"உன்ர அறை எங்க?"

கமெரா தடவித் தடவி அலைந்தது.
"அந்தா... இல்லை, அது பேக்கரி.
கொஞ்சம் பொறு.
எல்லா ஓடும் ஒரே நிறமாக் கிடக்கு.
கீழ நிண்டா டக்கெண்டு சொல்லுவன்.
நீ காட்டு, எங்கட வீட்டைக் காட்டு."

இங்கே மலை இல்லை.
கடலைவிட நிலம் ஒரு சாண் உயரம், அதுவும் சந்தேகம்.
பண்ணைப் பாலம் தண்ணீரில் கீறிய கோடு,
களங்கண்டித் தடிகள், அப்பால் மண்டைதீவு.
கோட்டைக்கு ஐந்து முனை இருப்பது
அதனுள்ளே நடந்து திரிந்த நாளில் எனக்குத் தெரியாது.

இந்த ஊரில் உயரத்தில் வரும் பயம்
விழுந்துவிடுவேன் என்பதல்ல.
நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது
உயரத்தில் நின்ற எல்லோரிடமும் துவக்கு இருந்தது.
இப்போதும் கைப்பிடிக்குக் கீழே குனிந்துதான் நடக்கிறேன்.

குனிந்தபடியே பெரிதாக்கிக் காட்டினேன்.
நீலத் தகரம், அதற்கடுத்த ஒழுங்கை.
"கிணத்தடி!" என்று கத்தினான்.
"முருங்கை எங்க?"
"போன புயலோட போட்டுது."
பிறகு, குரல் இறங்கி,
"அது ஆற்ற சேட்டு?"

கொடியில் ஒற்றைச் சட்டை,
கடற்காற்றில் கைகளை விரித்து.

ஆள் இல்லாத வீடென்று தெரியக்கூடாது,
ஆம்பிளைச் சேட்டொண்டு கொடியில கிடக்கட்டும் என்று
அவன் போன மாதமே கடைக்கார டெய்சி அக்கா சொன்னவள்.
கிழமைக்கு இரண்டு தரம் நனைத்துப் போடுவேன்,
யாரும் உடுத்தாததை.
இதை அவனுக்குச் சொன்னதில்லை.
சொன்னால் அங்கே நித்திரை கொள்ள மாட்டான்.

"உன்ரதான்."

"என்னட்ட வெள்ளைச் சேட்டு இல்லையே."

"நீலம்" என்றேன்.
"எயாப்போட்டுக்குப் போட்டுக்கொண்டு போ எண்டு எடுத்து வைச்சது.
நீ போடேல்ல."

அவன் வாய் திறந்த நேரம்
அங்கே தலைக்கு மேல் மணி அடித்தது.
பெரிய மணி. போன் அதிர்ந்தது, படம் உறைந்தது
பாதித் திறந்த வாயோடு.
பிறகு பச்சைக் கட்டம், பிறகு ஒன்றுமில்லை.

வடக்குப் பக்கம், மூன்றாவது பொருத்து.
விரல் வைத்துப் பார்த்தேன், ஈரம்.
எழுதினேன்.

இறங்கும்போது நூற்றுப் பன்னிரண்டிலிருந்து
பின்னோக்கி எண்ணத் தொடங்கி
ஐம்பத்து நான்கில் தவறிவிட்டது.
மிச்சத்தைக் கம்பியின் சூட்டைப் பிடித்தபடி இறங்கினேன்.

"எத்தினை பிள்ளை இண்டைக்கு?" போர்மன் பகிடிக்குக் கேட்டார்.

"சரியாத் தெரியேல்ல" என்றேன்.